அரிக்கமேடும் நாமும்

அபிஷேகப்பாக்கத்திலிருந்து புதுச்சேரி நகருக்குச் செல்பவர் இரண்டு பாலங்களைக் கடக்க வேண்டும். தவளக்குப்பத்தைத் தாண்டியதும் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலம். அரியாங்குப்பத்தைத் தாண்டியதும் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம். இவை இரண்டும் வெவ்வேறு ஆறுகள் அல்ல. செஞ்சிப் பகுதியிலிருந்து வில்லியனூர் வழியாக வரும் சங்கராபரணி ஆறே கடலை நெருங்கும்போது இவ்விரு கிளைகளாகப் பிரிகின்றது.

இவ்விரு பாலங்களுக்கும் இடையில் அரியாங்குப்பத்திலிருந்து கிழக்கே வீராம்பட்டினம் செல்லும் சாலையில் திரும்பினால் காக்காயன்தோப்பு வரும். அங்கே ஆற்றின் வளைவையொட்டித் தென்னையும் மாவும் சூழ்ந்த ஒரு மேடு உண்டு. காண்பதற்கு அது ஒரு சாதாரணத் தோப்பு. ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது ஒரு துறைமுக நகரம். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே சரக்கு ஏறி இறங்கிய துறை. அதுவே அரிக்கமேடு.

நாள்தோறும் வேலைக்கும் கல்லூரிக்கும் இப்பாலங்களைக் கடக்கும் நம் இளைஞருள் எத்தனை பேர் அம்மேட்டில் கால் வைத்திருப்பார்கள்? நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் வீட்டு வாசலிலேயே இருக்கும் இப்பெரும் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சில செய்திகளை எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

பெயரும் பழமையும்

அரிக்கமேடு என்னும் பெயருக்கு இரண்டு விளக்கங்கள் கூறப்படுகின்றன. ஆறு அரிக்கும் மேடு ஆதலின் அரிக்கமேடு என்பர் ஒரு சாரார். அருகன் மேடு என்பதே மருவிற்று என்பர் மற்றொரு சாரார். அருகன் என்னும் சொல் சமணர்க்கும் பௌத்தர்க்கும் உரியது. அருகிலுள்ள காக்காயன்தோப்பில் 'பர்மா கோயில்' என்று மக்கள் அழைக்கும் இடத்தில் ஒரு புத்தர் சிலை இருப்பதை இவர்கள் சுட்டிக்காட்டுவர்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டில் வாழ்ந்த, பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர், செங்கடலிலிருந்து இந்தியக் கரை வரையுள்ள துறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 'பெரிப்ளூஸ்' எனப்படும் அந்நூலில் கிழக்குக் கரைத் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்று பெயர்கள் வருகின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலும் பொதுகே என்னும் வணிகத் துறையைக் குறிக்கின்றது. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே என்பது புதுச்சேரிப் பகுதி, அதாவது அரிக்கமேடு என்றும் அறிஞர் பலர் கொள்கின்றனர்.

மேட்டைக் கண்டவர்கள்

பிரெஞ்சு வானியல் அறிஞர் லெ ழாந்தி, சூரியனை வெள்ளிக்கோள் கடப்பதைக் காணும்பொருட்டு 1768இல் புதுச்சேரிக்கு வந்தார். 1769 ஜூன் மாதத்தில் அந்நிகழ்ச்சி நடந்தபோது மேகம் மறைத்துவிட்டது. எட்டாண்டுகள் காத்திருந்த அவர் ஏமாந்து போனார். எனினும் அவர் வருகை வீண் போகவில்லை. வீராம்பட்டினத்து மக்கள் இம்மேட்டிலிருந்து பெரிய பெரிய பழங்காலச் செங்கற்களைத் தோண்டி எடுப்பதை அவர் கண்டு எழுதிவைத்தார். அரிக்கமேட்டைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு அதுவே எனலாம். அதன்பின் ஏறத்தாழ 170 ஆண்டுகள் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் முறை இம்மேட்டை உலகுக்குக் காட்டியவர்கள் யார் என்பதை நம் இளைஞர் மறக்கக் கூடாது. மழை பெய்து மண் கரைந்தால் மேட்டின் மேல் சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சிறுமணிகள் தெரியும். அவற்றை ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவர். 1937இல் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ-துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் அப்பிள்ளைகளிடமிருந்து மணிகளையும் கற்களையும் காசு கொடுத்து வாங்கினார். அவற்றுள் ஒரு கல்லில் ஒரு மனிதரின் தலை செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமானியப் பேரரசர் அகஸ்டசின் உருவம் என்று அவர் முடிவு செய்தார். ஆக, அரிக்கமேட்டு ஆராய்ச்சிக்கு முதற் சான்று திரட்டிக் கொடுத்தவை ஏழைப் பிள்ளைகளின் கைகளே. அறிஞர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அப்பிள்ளைகளின் பெயர்கள் இல்லை.

1941இல் பாதிரியார் ஃபொஷேயும் சுர்லோவும் இங்கே அகழ்ந்தனர். சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அய்யப்பனும் அதே ஆண்டில் இங்கு ஆய்வு செய்தார். இவற்றில் கிடைத்த பொருள்களுள் சிலவற்றைப் பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்தில் கண்டு வியந்தவர் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த மார்டிமர் வீலர். புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அவ்வரசின் இசைவைப் பெற்று 1945ஆம் ஆண்டுக் கோடையில் அவர் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். ஆற்றங்கரை ஆதலால் குழி ஆழமாக ஆக நீர் ஊறிற்று. நீரை இறைத்துக்கொண்டே தோண்டினர். அடுத்த ஆண்டே அவ்வாய்வின் அறிக்கை வெளிவந்தது. உலகெங்கும் அரிக்கமேடு என்னும் பெயர் பரவிற்று.

1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் இங்கே பணியாற்றினார். சுத்துக்கேணி, முத்தரைப்பாளையம் ஆகிய ஊர்களில் இருந்த பெருங்கற்கால ஈமக்காடுகளையும் அவர் ஆராய்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்னும் அம்மையார், சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கே. வி. இராமனுடன் சேர்ந்து மீண்டும் அகழ்ந்தார். வீலரின் முடிவுகள் பல அப்போது திருத்தம் பெற்றன.

மேட்டினுள் கிடைத்தவை

வீலரின் அகழாய்வில் ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள செங்கற் கட்டடம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. அது சரக்குக் கிடங்காக இருக்கலாம் என்று அவர் கருதினார். செங்கல்லால் கட்டிய தொட்டிகளும் வாய்க்கால்களும் கிடைத்தன. துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டிகள் இவை என்பது அவர் கருத்து. அக்கருத்து இன்னும் உறுதிப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மேல்நாட்டுப் பொருள்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, இத்தாலி நாட்டில் அரெஸ்ஸோ என்று இன்று வழங்கும் ஊரில் பெயர் பெற்றிருந்த செந்நிற மட்கலங்கள். அவற்றுள் சிலவற்றில் செய்த குயவர் பட்டறையின் முத்திரை இருந்தது. அம்முத்திரைகளைக் கொண்டே வீலர் காலத்தைக் கணித்தார். மற்றொன்று, 'ஆம்போரா' எனப்படும் இருகைப்பிடிச் சாடிகள். மதுவும் ஒலிவ எண்ணெயும் மீன் சாறும் அவற்றில் அடைத்துக் கப்பலில் வந்தன.

ஆயினும் மேட்டில் கிடைத்த பொருள்களில் பெரும்பகுதி இந்நாட்டு மக்கள் செய்தவை. கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள், சமையற்பானைகள், செங்கற்கள், சங்கு வளையல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மணிகள். சூதுபவளம், அகேட், பளிங்கு, செவ்வந்திக்கல் முதலிய கற்களை உடைத்து, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றினர். செய்து முடித்த மணிகளுடன் பாதி செய்த மணிகளும், துளையிடும்போது உடைந்த மணிகளும், கழிந்த சில்லுகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. தொழில் நடந்த இடம் இதுவே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

கண்ணாடி மணித்தொழில் இன்னும் நுட்பமானது. உருக்கிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீண்ட மெல்லிய குழலாக இழுப்பர். அது ஆறியபின் சிறுசிறு துண்டுகளாக நறுக்குவர். நறுக்கிய முனைகள் கூராக இருக்குமாதலால் சாம்பலுடன் கலந்து மீண்டும் சூடாக்கி மழுங்கச் செய்வர். ஒரு மணி கடுகளவே இருக்கும். திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இத்தகைய தொழில்முறை அண்மைக் காலம் வரை வழக்கில் இருந்ததைப் பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் நேரில் கண்டு எழுதினார். இவ்வகை மணிகள் இலங்கை, தாய்லாந்து, மலேசியா, வியட்நாம் என்று கீழைக் கடல் நாடுகள் பலவற்றில் கிடைக்கின்றன. இவ்வகை மணிகளைத் தொடக்கக் காலத்திலேயே செய்த பெரிய தொழிலிடங்களுள் அரிக்கமேடும் ஒன்று.

ரோமாபுரி நகரமா?

பாடநூல்களில் நெடுங்காலம் அரிக்கமேடு 'ரோமானியர் குடியிருப்பு' என்றே எழுதப்பட்டு வந்தது. நானும் அவ்வாறே படித்தேன். என் தொடக்க ஆண்டுகளில் அவ்வாறே கற்பித்தேன். மேலைநாட்டார் வந்து இறங்கிய பிறகே இங்கே ஒரு நகரம் தோன்றிற்று என்னும் எண்ணம் அதனால் மாணவர் மனத்தில் பதிந்தது.

பின்வந்த ஆய்வுகள் அவ்வாறு சொல்லவில்லை. இத்தாலிய மட்கலங்கள் கிடைத்த அடுக்குக்குக் கீழே இந்நாட்டு மக்களின் பானைகள் கிடைத்த அடுக்குகள் உண்டு. ரோமானியக் கப்பல்கள் வருவதற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர், தொழில் செய்தனர். மேலைநாட்டு வணிகம் குன்றிய பின்னும் இவ்விடம் முற்றிலும் அழிந்துபடவில்லை. சோழர் காலத்துப் பொருள்களும் சீனப் பீங்கான் ஓடுகளும் இங்கே கிடைத்துள்ளன. உட்புறத்தில் நுண்ணிய புள்ளிக்கோடுகள் வட்டமாகச் சுழலும் ஒருவகை வழவழப்பான மட்கலம் மேல்நாட்டுத் தொடர்புடையது என்று வீலர் எண்ணினார். அது இந்தியாவிலேயே, பெரும்பாலும் கங்கைச் சமவெளியின் கீழ்ப்பகுதியில் செய்யப்பட்டது என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

இன்று அரிக்கமேட்டில் கண்ணுக்குத் தெரியும் இடிந்த சுவர்களையும் ரோமானியர் கட்டியவை என்று சிலர் காட்டுவர். அதுவும் தவறு. அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிறித்தவ மறைப்பணியாளர் அமைத்த இல்லத்தின் எச்சங்கள். உண்மையான பழைய நகரம் காலுக்குக் கீழே மண்ணில் கிடக்கின்றது.

எரிகோ மேடு தரும் பாடம்

மண்மேட்டை நம்பி வரலாறு எழுதும்போது எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இன்னொரு மேட்டின் கதையைச் சொல்கிறேன். பழைய ஏற்பாட்டைப் படித்தவர்கள் எரிகோ நகரை அறிவர். இஸ்ரவேல் மக்கள் யோசுவாவின் தலைமையில் யோர்தான் ஆற்றைக் கடந்து வந்து அந்நகரைச் சுற்றி வந்தனர் என்றும், ஏழாம் நாளில் எக்காளம் முழங்க மதில் விழுந்தது என்றும் அந்நூல் கூறுகின்றது. ஆற்றைக் கடக்கும் துறைக்கு மேற்கே சில கல் தொலைவில், வற்றாத ஊற்று ஒன்றின் அருகே அந்நகரத்தின் மேடு இன்றும் உள்ளது. தலைமுறை தலைமுறையாக மண்வீடு இடிந்து, அதன்மேல் வீடு கட்டி, அதுவும் இடிந்து உயர்ந்த மேடு அது. அரபு மொழியில் அத்தகைய மேட்டைத் 'தெல்' என்பர்.

1930 முதல் 1936 வரை அங்கே அகழ்ந்த கார்ஸ்டங் என்னும் ஆங்கிலேயர் இடிந்த மதில் ஒன்றைக் கண்டார். யோசுவா காலத்தில் விழுந்த மதில் இதுவே என்று அறிவித்தார். உலகம் மகிழ்ந்தது. பின்னர் 1952 முதல் 1958 வரை காத்லீன் கென்யன் என்னும் அம்மையார் அதே மேட்டை அகழ்ந்தார். இவர் இங்கிலாந்தில் வீலரிடம் தொழில் பயின்றவர். மண்ணை அடுக்கு அடுக்காக வெட்டி, குழியின் சுவரில் தெரியும் ஒவ்வோர் அடுக்கையும் குறித்து, எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்று பதிவு செய்யும் முறை இவ்விருவர் பெயராலும் வழங்குகின்றது. அரிக்கமேட்டில் வீலர் கையாண்டதும் இம்முறையே.

கென்யன் கண்ட முடிவு என்ன? கார்ஸ்டங் காட்டிய மதில் யோசுவாவின் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முற்பட்டது என்பதாகும். விரும்பிய சான்று கிடைக்கவில்லை. ஆனால் எதிர்பாராத வேறொன்று கிடைத்தது. அம்மேட்டின் அடியில், மட்கலம் செய்யவே மக்கள் அறியாத காலத்தில் கட்டிய கற்கோபுரம் ஒன்று, ஏறத்தாழ 8.5 மீட்டர் உயரத்தில், உள்ளே படிக்கட்டுடன் வெளிப்பட்டது. அது ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுப் பழமை உடையது. எந்த வேதத்திலும் எழுதப்படாத, எந்த மன்னன் பெயரும் இல்லாத மக்கள் கல் சுமந்து கட்டிய கோபுரம் அது. எரிகோ மேடு 2023இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது முன்னிறுத்தப்பட்டது அந்தத் தொல்குடியிருப்பின் பெருமையே ஆகும்.

சமய நம்பிக்கை வேறு, அகழாய்வு வேறு. ஒருவர் நம்பிக்கையை நான் இங்கே குறை கூறவில்லை. நாம் கேட்க விரும்பியதை மண் சொல்லாமல் போகலாம்; அது சொல்வதைப் பொறுமையுடன் கேட்டால் நாம் நினைத்ததனினும் பெரிய உண்மை கிடைக்கலாம் என்பதே பாடம்.

இதில் நம்மவர் யார்?

ஒருமுறை எங்கள் பள்ளி மாணவர்களை அரிக்கமேட்டுக்கு அழைத்துச் சென்றேன். ரோமானியர், கிரேக்கர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். நம் தெருவைச் சேர்ந்த ஒரு மாணவன், "ஐயா, இதில் நம்மவர் யார்?" என்று கேட்டான். அன்று அவனுக்கு நான் சரியான விடை சொல்லவில்லை. "எல்லாரும் நம்மவர்தாம்" என்று மழுப்பிவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தேன். அக்கேள்வி பல ஆண்டுகள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. இக்கட்டுரையை அவனுக்கு நான் தரவேண்டிய விடையாகவே எழுதுகிறேன்.

முதலில், சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். அரிக்கமேட்டில் மணி செய்தவர் இன்ன சாதியார் என்று சொல்லச் சான்று இல்லை. அவர்கள் நம் நேர் முன்னோர் என்று நாம் முழங்கினால், நாளை வேறொருவர் வந்து தம் முன்னோர் என்று முழங்குவார். சான்றில்லாத பெருமையைப் பிறர் எளிதில் பறித்துவிடுவர். நமக்கு அது வேண்டாம்.

இனி, சொல்லக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: அந்நகரம் கைத்தொழிலால் வாழ்ந்த நகரம். செங்கல் அறுத்தவர், சூளை வைத்தவர், பானை வனைந்தவர், கல்லைத் துளைத்தவர், கண்ணாடி உருக்கியவர், சங்கு அறுத்தவர், மூட்டை சுமந்தவர், படகு தள்ளியவர் ஆகியோர் இன்றி அங்கே ஒரு கப்பலும் சரக்கு ஏற்றியிராது. கடல் கடந்து போற்றப்பட்டது அவர்களின் வேலைப்பாடு. மண்ணைத் தொடுவதும் சுமை தூக்குவதும் இழிவு என்று சொல்லி நம்மைத் தாழ்த்தியவர்களுக்கு அரிக்கமேடு தரும் விடை இதுவே.

இரண்டு: எழுத்து சிலருக்கே உரியது என்னும் கூற்றை அம்மேடு மறுக்கின்றது. அங்கே தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அரசன் ஆணையிட்டுக் கல்லில் வெட்டிய சாசனங்கள் அல்ல அவை; புழங்கும் பானையில் கீறியவை. இத்தகைய எழுத்து கடல் கடந்தும் சென்றது. எகிப்தில் செங்கடல் ஓரத்துக் குசேர் அல்-காதிம் என்னும் பழைய துறையில் கிடைத்த ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். உறியில் தொங்கவிடும் பானை என்பது பொருள். தாய்லாந்தில் கிடைத்த ஓர் உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்று உள்ளது. பொன் உரைத்துப் பார்த்த ஒரு தொழிலாளி தன் கருவியில் எழுதிய பெயர் அது. உழைத்தவன் எழுதவும் அறிந்திருந்த காலம் ஒன்று இம்மண்ணில் இருந்தது. பின்னர் வந்த காலம் அவன் கையிலிருந்து எழுத்தைப் பிடுங்கிற்று.

மூன்று: தீண்டாமை என்றும் உள்ளதன்று, அதற்கு ஒரு வரலாறு உண்டு. சங்க இலக்கியத்தில் புலையன், இழிசினன் என்னும் சொற்கள் உள்ளன. ஆதலால் அக்காலம் பொற்காலம் என்று நான் கூறமாட்டேன். ஆனால் ஊருக்கு ஒரு பக்கம், நமக்கு ஒரு பக்கம் என்று நிலத்தையே பிரித்து ஆவணத்தில் எழுதியதைப் பிற்காலத்தில்தான் தெளிவாகக் காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம் வேறாகவும் பறைச்சேரி வேறாகவும் எழுதப்பட்டுள்ளன. தீண்டாச்சேரி என்னும் சொல்லும் அவற்றில் உண்டு. இது கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சேரி என்பது பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்துக்குப் பொதுப்பெயர். சோழர் காலத்துப் பிராமணர் ஊர்களிலும் சேரிகள் இருந்தன. புதுச்சேரி என்னும் பெயரைச் சொல்ல எவரும் நாணுவதில்லை. அதே சேரியை நம் தெருவுக்குச் சொன்னால் மட்டும் வசையாகிவிடுகிறது. சொல்லின் மேல் பழி ஏறியது காலப்போக்கில்தான். காலத்தில் ஏறிய பழி காலத்தில் இறங்கும். இறக்குவது நம் கையில் உள்ளது.

முன்னோர் காட்டிய வழி

இக்கேள்வியை நமக்கு முன்பே கேட்டவர்கள் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் ஒரு காலத்தில் பௌத்தர்களாக வாழ்ந்தவர்கள் என்பது அவர் கொள்கை. காக்காயன்தோப்புப் புத்தரைக் காணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அச்சிலை ஒன்றைக்கொண்டே அவர் கொள்கை மெய்ப்பட்டது என்று கூற இயலாது. ஆனால் எழுதப்பட்ட வரலாற்றை அப்படியே ஏற்காமல், நூலையும் ஊர்வழக்கையும் துருவிப் பார்க்கும் துணிவை நமக்குக் கொடுத்தவர் அவர்.

அண்ணல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்து 1948இல் ஒரு நூல் எழுதினார். சான்றுகள் அறுந்துள்ள இடத்தில் தாம் கருதுகோளாகவே சொல்வதாக அந்நூலின் முன்னுரையில் அவர் ஒளிக்காமல் எழுதினார். அத்தகைய நேர்மையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தி. வீலர் அரிக்கமேட்டில் மண்ணை அகழ்ந்த அதே 1945ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், அம்பேத்கர் பம்பாயில் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதன் சித்தார்த்தா கல்லூரி பிறந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அரிக்கமேட்டில் அன்று மண்வெட்டி பிடித்தவர்கள் நம்மூர்க் கூலியாட்கள். தாம் தோண்டி எடுத்த ஓட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவர்களுக்கு வழி இருந்ததா? மண்வெட்டி பிடித்த கையே அந்த ஓட்டையும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கல்விச் சங்கங்கள் தோன்றின. நம் சங்கமும் அவ்வழியில் வந்ததே.

செய்ய வேண்டியவை

அரிக்கமேடு இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உலக மரபுச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில், பட்டுப்பாதைத் தலங்களுள் ஒன்றாக 2010 முதல் இடம்பெற்றுள்ளது. எனினும் ஆறு அதன் கரையை அரித்துக்கொண்டே இருக்கின்றது. மேட்டின் ஒரு பகுதி முன்னமே ஆற்றோடு போயிற்று. அடுக்கு கலைந்த மண்ணிலிருந்து எடுத்த மணி வெறும் மணியே. அது எந்தக் காலத்தது, எதனோடு கிடந்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. ஆகவே மேட்டுக்குச் செல்வோர் அங்கிருந்து ஒரு செங்கல்லையோ ஓட்டையோ மணியையோ எடுத்து வரலாகாது. எடுத்து விற்பாரைக் கண்டால் தடுத்தல் வேண்டும்.

அங்கே கிடைத்த பொருள்களுள் பலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வதைச் சங்கம் ஒரு வழக்கமாகக் கொள்ளலாம். நம் ஊர்களில் கிணறு வெட்டும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் பழைய ஓடுகளோ தாழிகளோ தென்பட்டால், உடைக்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நம் தெருப் பெரியவர்கள் சொல்லும் ஊர்க்கதை, நிலப்பெயர், குலதெய்வ வழிபாடு ஆகியவற்றை இளைஞர்கள் அவர்கள் உள்ளபோதே எழுதி வைக்க வேண்டும். அவையும் ஒருவகை மண்ணடுக்குகளே.

மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று எண்ணாதீர்கள். வரலாறும் தொல்லியலும் கல்வெட்டியலும் படிக்க நம்மில் சிலராவது முன்வர வேண்டும். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதையே இதுநாள்வரை படித்து வந்தோம். அறிக்கையில் தோண்டியவர் பெயரும் எழுதியவர் பெயரும் ஒன்றாக இருக்கும் நாள் வர வேண்டும்.

அன்று கேள்வி கேட்ட மாணவன் இன்று குடும்பத்தலைவனாகி இருப்பான். அவன் இம்மலரைக் காண நேர்ந்தால் அவனுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: தம்பி, பெயர் எழுதாமல் போனவர்கள் எல்லாரும் நம்மவர்கள். மணியைத் துளைத்தவனும், அதை மழைநாளில் பொறுக்கிய பிள்ளையும், 1945இல் குழியில் நின்று நீர் இறைத்தவனும் நம்மவர்கள். இதைச் சாதியால் சொல்லவில்லை, உழைப்பால் சொல்கிறேன். உன் பிள்ளையை ஒருநாள் அரியாங்குப்பத்தில் இறக்கி, அந்த மேட்டுக்கு அழைத்துச் செல். அவனும் அதே கேள்வியைக் கேட்டால், என்னைப் போல் மழுப்பாமல் விடை சொல்.